கோரைக் கிழங்கும் சுண்டெலியும்

பஹ்ரைன் தீவிலே, தலைநகராகிய மனாமாவுக்குத் தெற்கே, சொந்த வீடில்லாத குடும்பங்களுக்கு வீடு தரவேண்டும் என்ற நோக்கத்தோடு அந்நாளைய ஆட்சியாளர் ஷேக் ஈசா பின் சல்மான் அல் கலீஃபாவால் எழுப்பப்பெற்று, 1968ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே திறக்கப்பெற்ற ஈசா டவுன் என்னும் ஊர், இன்று நம்மவர் பேச்சில் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகவே அடிபடுகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மஞ்சள் வெயிலில் வரிசையாக வந்து நிற்கும் பஸ்களையுடைய இந்தியப் பள்ளிக்கூடம் ஒன்று; பழைய கட்டில், பழைய மிதிவண்டி, யாரோ ஊருக்குத் திரும்புகிற அவசரத்தில் விற்றுவிட்டுப் போன தையல் இயந்திரம் என்று எதையும் பேரம் பேசி வாங்கக்கூடிய சந்தை மற்றொன்று. மரபணு ஆராய்ச்சியைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு இவ்விரண்டும் பொருத்தமான வாசலாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனாலும் எனக்கு அந்த விஷயம் அந்தச் சந்தைத் தெருவில்தான் வந்து வாய்த்தது.

சந்தைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்கு நெடுங்காலப் பழக்கம். சேரன்மாதேவிப் பக்கத்தில், தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்து, ஒரு பண்டகசாலையில் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்துக்காகக் கடல் கடந்து வந்தவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், உடம்பில் யாதொரு உபாதையும் உணராத காலத்தில், ஏதோ ஒரு வழக்கமான ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டி நிற்பதாகத் தெரியவர, நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்தான் அது என்று வைத்தியர்கள் தீர்மானித்தார்கள். அன்று தொடங்கி இன்றுவரை இமாட்டினிப் என்ற மாத்திரை, 400 மில்லிகிராம், இரவு உணவோடு, ஒரு நாளும் தவறாமல். கண்ணிமையில் காலை வேளைகளில் லேசான வீக்கம், எப்போதாவது கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொள்வது என்பவற்றைத் தவிர, வியாதிக்காரர் என்று சொல்லும்படி அவரிடம் ஒன்றுமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சுலைமானித் தேநீர் ஆறிக்கொண்டிருக்கையில் அவர் கேட்டார்: "எல்லா ரிப்போர்ட்டும் நல்லாத்தான் இருக்குங்காங்க. பொறவு எதுக்குத் தம்பி இந்த மாத்திரை? எப்பத்தான் நிறுத்துறது?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய சொந்த ஊர் வயலையே நினைத்துக்கொண்டேன். பத்தமடையில் பாய் நெய்கிறார்களே, அந்தக் கோரை வேறு. வயலைக் கெடுக்கிற கோரை வேறு. இந்த இரண்டாவது ஜாதிக் கோரையை எத்தனை முறை அறுத்தாலும், ஒரு மழைக்குப் பின் அது பழையபடி தலை தூக்குவதற்குக் காரணம், மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் சிறு சிறு கிழங்குகளாக அதன் ஜீவன் ஒளிந்துகொண்டிருப்பதுதான் என்பதை விவசாயியின் மகனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. "அண்ணாச்சி, மாத்திரை அருவாள், கிழங்கு இன்னும் கீழே கெடக்கு" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "அப்போ மம்பட்டி எங்க?" என்றார்.

அந்த மண்வெட்டியைத் தேடுகிற கதைதான் இது. அது இன்னும் முழுமையாகக் கைக்கு வந்துவிடவில்லை. ஆயினும் அதைத் தேடுகிறவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்பதை அறிவது, ஒரு மாத்திரையை ஒன்பது வருஷமாக விழுங்கும் மனிதருக்குச் சேரவேண்டிய நியாயமான பங்கு என்றே நான் கருதுகிறேன்.

நம் உடம்பில் ஓடுகிற ரத்தத்தின் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய எல்லாமே எலும்பு மஜ்ஜையில் வாசம் செய்யும் மிகச் சொற்பமான மூல அணுக்களிலிருந்து பிறக்கின்றன என்பதை, டொராண்டோ நகரத்தில் டில், மக்குல்லக் என்ற இருவர் 1961இல் சுண்டெலிகளைக் கொண்டே பிரத்தியட்சமாகக் காட்டினார்கள். குருத்தணு என்றும் ஸ்டெம் செல் என்றும் நாம் வழங்குவது இவற்றைத்தான். தன்னைப் போன்ற ஒன்றைத் தானே படைத்துக்கொள்ளவும், தன்னிலிருந்து வேறுபட்ட பல வம்சங்களைப் பிறப்பிக்கவும் வல்லமையுடையது அது; பெரும்பாலான காலத்தை உறக்கத்திலேயே கழிப்பது அதன் சுபாவம். அதே டொராண்டோவில், முப்பது வருஷங்களுக்குப் பின், ஜான் டிக் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: ஆரோக்கியமான ரத்தத்துக்கு ஒரு மூலம் உண்டென்றால், புற்றுநோய் கண்ட ரத்தத்துக்கும் அப்படி ஒரு மூலம் இருக்க வேண்டாமா? நோயெதிர்ப்புச் சக்தி இல்லாத சுண்டெலிகளுக்குள் கடுமையான லுகேமியா கண்ட மனிதரின் அணுக்களைச் செலுத்திப் பார்த்தபோது, ஏறக்குறைய இரண்டரை லட்சம் அணுக்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் புதிய உடம்பில் நோயை மறுபடி வளர்த்தெடுக்கும் திராணி இருந்தது. 1994இல் வெளியான அந்த முடிவிலிருந்து லுகேமியாக் குருத்தணு என்ற பெயர் வைத்திய உலகில் நிலைத்துவிட்டது. இரண்டரை லட்சத்தில் ஒன்று. மற்றவையெல்லாம் இலை, இது ஒன்றே கிழங்கு.

அண்ணாச்சியின் வியாதிக்கு வருவோம். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தத்தம் முனைத் துண்டுகளை மாற்றிக்கொள்வதால், பிறவியில் இல்லாத பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற கலப்பு ஜீன் ஒன்று உண்டாகி, 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் ஆணையிட்டுக்கொண்டே இருப்பதுதான் அந்நோய். பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும் 1960இல் குட்டையாகிப்போன அந்தக் குரோமோசோமைக் கண்டார்கள். அது இடமாற்றத்தின் விளைவு என்பதைச் சிகாகோவில் ஜேனட் ரௌலி அம்மையார் 1973இல் வெளிப்படுத்தினார். அந்த ஆணையின் வாயை அடைக்கும் இமாட்டினிப் 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அம்மாத்திரையையே முதல் சிகிச்சையாக உட்கொண்டு பரிசோதனையில் பங்குபெற்றவர்களில், பத்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 83 பேருக்குக் குறையாது. அதற்கு முந்திய காலத்தை அறிந்த வைத்தியர்களுக்கு அந்த எண் ஒரு கனவு.

இங்கே சென்னைப் பட்டணத்துக்கு ஒரு நன்றி சொல்லாமல் நகர்ந்தால் தகாது. அந்த மருந்தின் பீட்டா என்ற படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006 ஜனவரியில் அதை நிராகரித்ததும் அந்த அலுவலகமே. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தொடுக்கப்பட்ட வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. கடைசியாக 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்சநீதிமன்றமும் விண்ணப்பத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மாதம் ஒன்றுக்குச் சுமார் 1,20,000 ரூபாய் என்று பேசப்பட்ட மருந்து, இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்பாக எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைத்துவந்ததும், பின்னர் அதனினும் இறங்கியதும் இந்த வழக்கின் நிழலில்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் வைத்தியர் சீட்டைக் காட்டி ஆறு மாதத்து மாத்திரையை வாங்கிப் பெட்டியின் அடியில் வேட்டிக்கு நடுவே வைத்துக்கொண்டு வரும் அண்ணாச்சிக்கு, எந்த நீதிபதியின் பெயரும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அரிவாளின் விலை குறைந்ததால் கிழங்கு செத்துவிடவில்லை. உறங்கிக் கிடக்கும் லுகேமியாக் குருத்தணுவை இந்த மாத்திரை கொல்வதில்லை என்பதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2002லேயே காட்டிவிட்டார்கள். அதனினும் விசித்திரமான செய்தி 2011இல் வந்தது: அந்தக் குருத்தணுவின் உள்ளே மாத்திரை புகுந்து கலப்பு ஜீனின் வாயை அடைத்தும் விடுகிறது, ஆயினும் அணு சாவதில்லை. அதாவது, எந்த ஆணையால் நோய் பெருகிற்றோ, அந்த ஆணை இல்லாமலும் ஜீவித்திருக்கும் வித்தையை அது கற்று வைத்திருக்கிறது. பிரான்சு தேசத்தில், இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ரத்தத்தில் நோயின் சுவடே தென்படாத நூறு பேருக்கு, வைத்தியர்களின் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்தக் கணக்குப்படி, ஓராண்டுக் காலம் கவனிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் என்ற வீதத்தில் நோயின் சுவடு திரும்பிற்று. அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். மாத்திரையை மறுபடி தொடங்கியதும் அது மறுபடி அடங்கியது என்பது ஆறுதல். பத்தில் நால்வர் மாத்திரை இல்லாமலே நடமாடினார்கள் என்பது அதனினும் பெரிய ஆறுதல்.

அப்படியானால், அந்தக் கிழங்கு எதை நம்பிப் பிழைக்கிறது? இதைத் தெரிந்துகொள்ள மனித உடம்பில் மார்க்கமில்லை, சுண்டெலியில் உண்டு. குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் பிறவியிலேயே இழந்த எலியை உற்பத்தி செய்யும் வித்தை 1980களின் இறுதியில் கைகூடிற்று. அதற்காக கபெக்கி, எவான்ஸ், ஸ்மித்தீஸ் ஆகிய மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது அவர் ஊருக்குப் போன மறுநாள்தான் தெரியவரும் என்பார்களே, அந்த நியாயம்தான் இதற்கும். ஒரு ஜீனை இல்லாமல் ஆக்கி, எது நின்றுபோகிறது என்று பார்ப்பது.

இந்த முறையில் நடந்த சோதனைகளுக்குள், என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது 2009இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது. ஷாவோகுவாங் லி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் எடுத்துக்கொண்ட ஜீனுக்கு ஆலாக்ஸ்-5 என்று பெயர். லுகேமியாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் எளிதில் ஊகிக்கமாட்டார்கள். ஏனென்றால் அது ஆஸ்துமாவின் ஜீன் என்றே பெயர் பெற்றது. கொழுப்பு அமிலம் ஒன்றிலிருந்து லூக்கோட்டிரையீன் என்ற பொருளைத் தயாரிக்கும் நொதியை அது உண்டாக்குகிறது. அந்தப் பொருள்தான் மூச்சுக்குழலைச் சுருக்கி, சளியைப் பெருக்கி, இளைப்பை வரவழைப்பது. வளைகுடாவில் புழுதிக் காற்று எழும்பும் வாரத்தில் நம் பிள்ளைகளுக்கு வைத்தியர் எழுதித்தரும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை, இதே லூக்கோட்டிரையீன் போய் உட்காரும் இடத்தை மறிப்பதற்காகத்தான்.

இந்த ஜீனை இழந்த சுண்டெலிகள் 1994லேயே உண்டாக்கப்பட்டிருந்தன. அழற்சி சற்றுக் குறைவு என்பதைத் தவிர, அவை தின்று, ஓடி, குட்டி போட்டுச் சுகமாகவே இருந்தன. லியின் குழு, சாதாரண எலியிலிருந்தும் ஆலாக்ஸ்-5 இல்லாத எலியிலிருந்தும் தனித்தனியே எலும்பு மஜ்ஜையை எடுத்து, இரண்டிலும் அந்தக் கலப்பு ஜீனை வைரஸின் மூலமாகப் புகுத்தி, கதிர்வீச்சினால் தம் மஜ்ஜையை இழந்து நின்ற வேறு எலிகளுக்குள் செலுத்தியது. சாதாரண மஜ்ஜையைப் பெற்ற எலிகள், எதிர்பார்த்தபடியே, ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் லுகேமியாவால் மாண்டன. ஆலாக்ஸ்-5 இல்லாத மஜ்ஜையைப் பெற்றவையோ நோய்க்குத் தப்பி நின்றன. கலப்பு ஜீன் அங்கேயும் இருக்கிறது. அதன் ஆணையும் ஒலிக்கிறது. ஆனால் அந்த ஆணையைக் கேட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய குருத்தணுவின் சக்தி வறண்டுபோயிற்று. கிழங்கு மண்ணுக்குள்ளேயே சுருங்கிவிட்டது.

இதிலே இரண்டு நுட்பங்கள் உண்டு. கலப்பு ஜீன் தன் அணுக்களில் ஆலாக்ஸ்-5ஐ அளவுக்கு மீறி உயர்த்திவிடுகிறது. அப்படி உயர்ந்ததை இமாட்டினிப் இறக்குவதில்லை. மாத்திரையால் தொடமுடியாத கிழங்குக்கு இரகசியமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த வாய்க்கால் எது என்பதற்கு அங்கே ஒரு தடயம் கிடைத்தது. இரண்டாவது நுட்பம் இன்னும் அருமையானது: இதே ஜீனை இழந்த ஆரோக்கியமான ரத்தக் குருத்தணுவுக்குச் சொல்லும்படியான சேதம் ஏதுமில்லை. புற்றுநோய் வைத்தியத்தின் சங்கடமெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நெல்லும் கோரையும் ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் வளர்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கொளுத்துவதற்கு விஞ்ஞானி தேவையில்லை. உதாரணமாக, பீட்டா-கட்டெனின் என்ற வேறொரு ஜீனை நீக்கிப் பார்த்தபோது லுகேமியாக் குருத்தணு நலிந்தது உண்மை. ஆனால் 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆரோக்கியமான குருத்தணுவும் உடன் நலிந்தது.

ஆஸ்துமாவுக்காக 1996இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றிருந்த சைலூட்டான் என்ற மருந்து, ஆலாக்ஸ்-5இன் நொதியை நேராகவே தடுப்பது. அதை நோய் கண்ட எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் நீண்டது. இமாட்டினிப்புடன் சேர்த்துக் கொடுத்தபோது இன்னும் நீண்டது. பத்திரிகைகள் இதைக் கேட்டு ஆரவாரம் செய்ததில் ஆச்சரியமில்லை. நானும் அந்நாளில் ஆரவாரம் செய்தவர்களில் ஒருவன்தான். இப்போது சற்று வெட்கமாக இருக்கிறது. ஏனெனில், ஸ்வீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிலையத்தார், இந்நோய் கண்ட மனிதர்களின் மஜ்ஜையிலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்துப் பார்த்து, இந்த லூக்கோட்டிரையீன் மார்க்கம் அவற்றின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது அல்ல என்று 2017இல் அறிவித்தார்கள். குப்பி வேறு, உடம்பு வேறு என்று வாதிக்க இடமுண்டு. எலி வேறு, மனிதன் வேறு என்று வாதிக்க அதைவிட அதிக இடமுண்டு. எது எப்படியாயினும், இளைப்பு மாத்திரையைக் கொண்டு லுகேமியாவைத் தீர்க்கலாம் என்று யாரேனும் வாட்ஸப்பில் அனுப்பினால், அதை அழித்துவிடுவதே உத்தமம்.

ஆலாக்ஸ்-5ஐ விட்டு, நம் வேலூரோடு உறவுள்ள இன்னொரு ஜீனைப் பார்ப்போம். பி.எம்.எல். என்பது அதன் பெயர். பாஸ்டன் நகரில் பண்டோல்ஃபி என்பவருடைய ஆய்வுக்கூடத்தில் கெய்சுகே இட்டோ முதலியோர் 2008இல் கண்டது இது: இந்த ஜீனை இழந்த எலியின் லுகேமியாக் குருத்தணுவுக்கு உறங்கத் தெரியவில்லை. ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் பிரிந்து பிரிந்து, ஒரு எலியிலிருந்து மறு எலிக்கு மாற்றி மாற்றி நட்டுப்பார்க்கையில், கடைசியில் அது களைத்து ஓய்ந்துபோகிறது. உறக்கம்தான் அதற்குக் கவசம். பெருகுகிற அணுக்களையே குறிவைக்கும் மருந்துகள் உறங்குகிறவனை விட்டுவிடுகின்றன. அவனை எழுப்பிவிட்டால் மற்றவர்களோடு சேர்ந்து மாட்டிக்கொள்வான். இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், பி.எம்.எல். ஜீன் உண்டாக்கும் புரதத்தை அழிக்கும் மருந்து புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருக்கவில்லை. அது ஆர்சனிக் டிரையாக்சைடு. நம் பாட்டிமார் எலிப் பாஷாணம் என்றும், சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்றும் சொன்ன வஸ்து. எலியைக் கொல்ல வைத்த பாஷாணம் எலியைக் காப்பாற்றும் மருந்தாக மாறிய வேடிக்கையை எண்ணி நான் தனியே சிரித்ததுண்டு.

பாஷாணங்களை அறுபத்துநான்கு என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் சுத்திமுறை சொல்லி வைத்த மரபு நம்முடையது. ஆயினும் இந்த விஷயத்தில் பெருமையை உரிய இடத்தில் வைக்க வேண்டும்: ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக்கை ஊசியாக ஏற்றிப் பார்த்தவர்கள், 1970களில் சீனாவின் ஹார்பின் நகரத்து வைத்தியர்கள். புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற, சில நாட்களிலேயே ரத்தப்போக்கினால் உயிரைக் கொண்டுபோகக்கூடிய நோய்க்கு அது கைகண்ட மருந்தாயிற்று. அந்த நோய் பிறப்பதே, 15ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்தப் பி.எம்.எல். ஜீன் முறிந்து, 17ஆம் குரோமோசோமின் வேறொரு ஜீனோடு ஒட்டிக்கொள்வதால்தான்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலூர் கிறிஸ்துவ மருத்துவமனையில், விக்ரம் மாத்யூஸ், மாமன் சாண்டி, அலோக் ஸ்ரீவஸ்தவா முதலிய வைத்தியர்கள், 1998 முதல் 2004 வரை, இந்நோய் புதிதாகக் கண்ட 72 பேருக்கு, மேனாட்டார் கொடுத்துவந்த விலையுயர்ந்த மருந்துக் கூட்டு எதுவுமின்றி, ஆர்சனிக்கை மட்டுமே தனி மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பணமில்லாத நோயாளிக்குக் கட்டுப்படியாகிற வழி வேண்டும் என்பதே அதன் பின்னிருந்த நோக்கம். நூற்றுக்கு 86 பேருக்கு நோய் பூரணமாக அடங்கியது. அந்த அறிக்கை 2006இல் 'பிளட்' பத்திரிகையில் வந்தபோது, ஏழைமை காரணமாக மேற்கொண்ட வழியே சிறந்த வழியாகவும் இருக்கக்கூடும் என்பது பல தேசத்து வைத்தியர்களின் கவனத்துக்கு வந்தது. அண்ணாச்சியின் வியாதியில் ஆர்சனிக் இந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. எலியில் தெரிந்த தூக்கக் கலைப்பை மனிதரில் நிகழ்த்துவது எளிதாக இல்லை. ஆரோக்கியமான குருத்தணுவும் பி.எம்.எல்.ஐ நம்பியே உறங்குகிறது என்ற தடை வேறு இருக்கிறது. அடியோடு இழந்த ஜீனைப் போலன்றி, மருந்து கொடுக்கவும் நிறுத்தவும் கூடியது என்பதால், அந்தத் தடையைத் தாண்ட ஒரு சந்து மட்டும் மிச்சம்.

எலியில் கண்டது மனிதனுக்கு வந்து சேருவதே இல்லை என்று இதற்குள் சலித்துக்கொள்ளும் வாசகருக்கு, ஈசா டவுன் இருக்கும் இந்தத் தீவையே சாட்சிக்கு அழைக்கிறேன். பஹ்ரைன் மக்களுக்கு ரத்தத்தின் மரபுப் பிழை புத்தகத்து விஷயம் அன்று. இங்கே பதினோராம் வகுப்பு மாணவர் 5,685 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வில், நூற்றுக்கு 13.8 பேர் அரிவாள் வடிவச் சிவப்பணு நோயின் ஜீனைச் சுமப்பவராகவும், 1.2 பேர் நோயாளியாகவும் இருந்தார்கள். 2004ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, நிக்காஹ்வுக்கு முன் மணமக்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே ஆகவேண்டும்.

இந்நோய்க்கு வந்த மருந்தும் ஒரு ஜீனின் இழப்பிலிருந்தே பிறந்தது. கருவிலிருக்கும் சிசுவின் ரத்தத்தில் வேறொரு வகை ஹீமோகுளோபின் இருக்கிறது. பிறந்த பின் அதை அணைத்துவிடுவது பி.சி.எல்.11ஏ என்ற ஜீன் என்பதை, பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்க்கின் என்பவரிடம் பயின்ற விஜய் சங்கரன் முதலியோர் 2008இல் வெளியிட்டார்கள். 2011இல் அரிவாள் அணு நோயுள்ள எலியின் சிவப்பணு வம்சத்தில் மட்டும் அந்த ஜீனை நீக்கினார்கள். அணைந்த விளக்கு மறுபடி எரிந்தது. எலியின் நோய் நீங்கியது. 'சிவப்பணு வம்சத்தில் மட்டும்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உடம்பு முழுவதிலும் அதை இழந்த எலி பிழைப்பதில்லை. மனிதனுக்குச் செய்த சிகிச்சையிலும், ஜீனை வெட்டாமல், சிவப்பணுவில் அதை ஏற்றும் விசையை மட்டுமே வெட்டினார்கள். காஸ்ஜெவி என்ற அந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பர் 16ஆம் தேதி பிரிட்டன் அனுமதி தந்தது. டிசம்பர் 2ஆம் தேதி, உலகில் இரண்டாவதாக, பஹ்ரைன் தந்தது. அமெரிக்கா இதற்கு ஆறு நாள் பிந்தியே தந்தது. எலியின் இழப்பு மனிதனின் மருந்தாவதற்குப் பன்னிரண்டு வருஷம். அமெரிக்காவில் அதற்குக் குறித்த விலை 22 லட்சம் டாலர். சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் நினைவு எனக்கு ஏன் வந்தது என்று இப்போது விளங்கும்.

அரிவாள் அணு நோய்க்கு இது சாத்தியமானது, வைத்தியர் தாம் திருத்திய குருத்தணுக்களைத் திரும்ப உடம்பில் நட்டால் போதும் என்பதால். லுகேமியாவிலோ, ஒளிந்திருக்கிற ஒவ்வொரு கிழங்கையும் தேடிப்பிடித்தாக வேண்டும். ஒன்று தப்பினாலும் வயல் மறுபடி கோரைக்காடு. ஆகையால் லுகேமியாவைப் பொறுத்தவரை ஜீனை வெட்டுவது கேள்வி கேட்கும் முறை. பதிலை மருந்தாகத்தான் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும், இவ்வளவு சுத்தமான வாக்கியங்களில் அல்லாமல், மூன்று வெள்ளிக்கிழமைகளில் துண்டு துண்டாக அண்ணாச்சிக்குச் சொன்னேன். மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது என்பதையும், பல வருஷம் ஆழ்ந்த அளவில் நோய் அடங்கியிருப்பவர்களுக்கு மட்டும், மாதம் தவறாத நுட்பமான ரத்தப் பரிசோதனையோடு வைத்தியரே நிறுத்திப் பார்ப்பது உண்டென்பதையும் அழுத்திச் சொன்னேன். அடுத்த விடுமுறையில் சென்னை வைத்தியரிடம் கேட்பதற்காக அதை ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். பிறகு, "அந்த எலி என்னாச்சு?" என்றார்.

"எந்த எலி?"

"ஜீன் இல்லாத மஜ்ஜையை வெச்சாங்களே, அது."

"அது 2009க்கு முந்தின கதை அண்ணாச்சி. எலிக்கு ஆயுசே இரண்டு வருஷந்தான்."

"ரெண்டு வருஷமும் இருந்துச்சாமா?"

ஒரு மாதத்தில் சாகவேண்டியது சாகவில்லை என்பது வரையில்தான் நான் படித்திருந்தேன், அதைச் சொன்னேன். உள்ளே அவர் மனைவி தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. சாப்பிட்டு முடித்து, பிஸ்கோத்து டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்து, வைத்தியர் சொன்னபடி பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "ஒரு மாசம்னு இருந்தது சாகலையாக்கும்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டே விழுங்கினார்.